பக்கம் திருப்பிக் கேட்பது எப்படி: ஆல்பம் சண்டைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

நான் பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் இங்கிலீஷ் பாட்டு வேண்டும் என்றால் கேசட்டில் பதிந்து தரும் கடைக்குத்தான் போக வேண்டும். 90 நிமிட வெற்றுக் கேசட் ஒன்றைக் கொடுத்தால், பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு ஆல்பம் ஏற்றித் தருவார்கள். நான் கேட்டது ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 1977 ஆல்பம், 'ரூமர்ஸ்'. அது 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கேசட்டின் ஒரு பக்கமோ 45 நிமிடம். மிச்ச நாடாவைச் சும்மா விட கடைக்கார அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை. எங்கிருந்தோ ஒரு டிஸ்கோ பாட்டைப் பிடித்துக் கடைசியில் போட்டு நிரப்பிவிட்டார். அந்த டிஸ்கோதான் 'ரூமர்ஸ்' ஆல்பத்தின் முடிவு என்று ஆறேழு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு விட்டேனா? "இவ்வளவு கனமா போயி, கடைசியில ஆட்டம் போட்டு முடிக்கிறாங்க பாரு, அதுதாம்ல தைரியம்" என்று விடுதியில் ஒருத்தனோடு ராத்திரி முழுக்க வாதாடியும் இருக்கிறேன்.

அப்படி வாதாடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மாடி அறையில் கூடி, ஏதாவது ஒரு பாப்-ராக் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்கிறோம். அப்புறம் சண்டை போடுகிறோம். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர், சர்ச் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல், பாடும் அக்கா, மிருதங்கம் கற்றுக்கொள்ளும் தம்பி, எஞ்சினியரிங் படிக்கிற இரண்டு பேர், நான், இன்னும் வந்து போகிறவர்கள். புதிதாக வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றே: "நான் என்ன தெரிஞ்சுக்கிட்டு வரணும்?" ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டாம். சில காரியங்களைச் செய்துவிட்டு வந்தால் போதும்.

வரிசையைக் கலைக்காதீர்கள்

கோவில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்கப் போகிறீர்கள். சுடலைமாடன் கதை நடக்கிறது. "இந்தக் கட்டம் வேண்டாம், அந்தக் கட்டத்தை முதலில் பாடுங்கள், அப்புறம் பிறப்புக்கு வாருங்கள்" என்று புலவரிடம் போய்ச் சொல்லத் துணிவோமா? வீசுகோலால்தான் அடி விழும். ஆனால் கைப்பேசியில் பாட்டுக் கேட்கும்போது நாம் எல்லோரும் செய்வது அதுதான். செயலியில் ஷஃபிள் என்ற பொத்தான் ஒரு ஆல்பத்தைக் குலுக்கிச் சீட்டு எடுக்கிறது.

இசைத்தட்டுக் காலத்தில் ஆல்பம் என்பது வெறும் பாட்டு மூட்டை இல்லை. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் எல்பி தட்டு 1948-இல் வந்தது. அதில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடத்துக்குமேல் வசதியாக ஏற்ற முடியாது. அதனால் ஒரு ஆல்பத்துக்கு இரண்டு தொடக்கம், இரண்டு முடிவு. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு எது, தட்டைத் திருப்பிப் போட்டதும் காதில் விழுகிற முதல் பாட்டு எது என்பதை யோசித்தே அடுக்கினார்கள். பாதிச் சண்டை இந்த அடுக்கில்தான் இருக்கிறது. பாட்டுப் பாட்டாகக் கேட்டவர்களோடு இதைப் பற்றிப் பேச முடியாது. அவர்கள் வேறு ஏதோ கேட்டிருக்கிறார்கள், நான் டிஸ்கோ கேட்ட மாதிரி.

வரிசை பெரிய விஷயம் என்று நினைப்பது எங்களைப் போன்ற கிறுக்கர்கள் மட்டும் இல்லை. 2021-இல் பாடகி அடெல் தன் ஆல்பம் வெளியானபோது கேட்டுக்கொண்டதற்காக, பாட்டுச் செயலி நடத்தும் ஸ்பாட்டிஃபை நிறுவனம் ஆல்பம் பக்கங்களில் தானாகக் குலுக்கிப் போடும் ஏற்பாட்டை எடுத்துவிட்டது.

எதில் தொடங்குவது

மூன்று ஆல்பங்களில் ஒன்றை எடுங்கள். 'ரூமர்ஸ்' ஒன்று. பீட்டில்ஸின் 'ஆபி ரோடு' (1969) இன்னொன்று. பிங்க் ஃப்ளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) மூன்றாவது. இந்த மூன்றாவது வந்த அதே வருஷம்தான் நம் திருநெல்வேலியில் ஈரடுக்கு மேம்பாலத்தைத் திறந்தார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை; எங்கள் வங்கி அண்ணாச்சி வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்த வழி அது.

ஏன் இவை மூன்றும் என்றால், மூன்றுமே 50 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், மூன்றிலும் பக்கம் திருப்புகிற இடத்தில் பெரிய சண்டைக்கு விஷயம் இருக்கிறது, மூன்றும் எங்கும் கிடைக்கும். எடுத்த எடுப்பில் இரண்டு தட்டில் வரும் இரட்டை ஆல்பத்தில் கை வைக்காதீர்கள். 'ரூமர்ஸ்' பிடித்துப்போய், அடுத்து அதே குழு 1979-இல் செய்த 20 பாட்டு 'டஸ்க்' ஆல்பத்துக்குப் போய், பாதியில் தூங்கி, அப்புறம் எங்கள் பக்கமே வராமல் போனவர்கள் உண்டு.

இங்கிலீஷ் புரியாதே என்ற பயம் சிலருக்கு. முதல் தடவை புரியத் தேவையில்லை. அப்படியும் கூச்சமாக இருந்தால் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) கேட்டுவிட்டு வாருங்கள். அதில் வார்த்தைப் பாட்டே கிடையாது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஃகுக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம் அது. சினிமாக் காட்சிக்காக இல்லாமல், ஆல்பமாகவே நினைத்துச் செய்த ஒன்றைக் கேட்கும் பழக்கம் வரும்.

சரியான பதிப்பைப் பிடியுங்கள்

இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். செயலியில் 'ரூமர்ஸ்' என்று தேடினால் நாலைந்து வந்து நிற்கும். டீலக்ஸ் பதிப்பு, சூப்பர் டீலக்ஸ் பதிப்பு, நேரடிக் கச்சேரி சேர்த்தது என்று நீளும். பாட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். 'ரூமர்ஸ்' என்றால் 11 பாட்டு. 'ஆபி ரோடு' 17 பாட்டு, 47 நிமிடம். 'டார்க் சைட்' 43 நிமிடம். அதற்குமேல் இருந்தால் பின்னால் ஒட்டியது. ஒட்டியதைக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை; முதல் நாள் வேண்டாம்.

பிறகு ரீமாஸ்டர், ரீமிக்ஸ் என்ற இரண்டு சொற்கள் வரும். இவற்றைக் குழப்பிக்கொண்டு பேசினால் கூட்டத்தில் உடனே பிடித்துவிடுவார்கள். ரீமாஸ்டர் என்பது சொதியை அடுப்பில் இருந்து இறக்கின பிறகு, உப்பு பார்த்து எலுமிச்சை பிழிவது மாதிரி. சொதி அதே சொதிதான். ரீமிக்ஸ் என்பது பழையபடி காயையும் தேங்காய்ப் பாலையும் இஞ்சியையும் தனித்தனியே எடுத்து வைத்துக்கொண்டு, எது எவ்வளவு என்று மறுபடி கூட்டுவது. பீட்டில்ஸ் ஆல்பங்கள் 2009-இல் ரீமாஸ்டர் ஆகி வந்தன. அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் 2017-இல் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தையும், 2019-இல் 'ஆபி ரோடு' ஆல்பத்தையும் ரீமிக்ஸ் செய்தார். ஒரே ஆல்பத்தை ஆளுக்கொரு பதிப்பில் கேட்டுவிட்டு வந்து, "டிரம்ஸ் நல்லா எழும்புது", "எங்க எழும்புது?" என்று முக்கால் மணி நேரம் கத்திய அனுபவம் எங்களுக்கு உண்டு. எந்தப் பதிப்பு என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மோனோ, ஸ்டீரியோ என்பதும் சின்ன விஷயம் இல்லை. மோனோவில் எல்லாச் சத்தமும் ஒரே தடத்தில் வரும், ஸ்டீரியோவில் இடம், வலம் என்று இரண்டாகப் பிரிந்து வரும். பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' 1966-இல் வந்தபோது மோனோவாகத்தான் கலக்கப்பட்டது. அதைச் செய்த பிரையன் வில்சனுக்கு வலது காது கேட்காமல் இருந்தது. சரியான ஸ்டீரியோ வடிவம் 1997-இல்தான் கடைக்கு வந்தது. அதைக் கேட்டுவிட்டு "பின்குரல்கள் இப்பதான் தெளிவா இருக்கு" என்று சொல்கிறவர்களும், "அவன் ஒரே உருண்டையா உருட்டித் தந்ததை ஏன் உதிர்த்தாங்க" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி.

கடைசியாகச் செயலியின் அமைப்புகளைப் பாருங்கள். ஷஃபிளை அணைத்து விடுங்கள். ஒரு பாட்டின் வாலில் அடுத்த பாட்டைக் கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடாமல் ஓடும் வசதி இருந்தால் அது மட்டும் இருக்கட்டும், 'டார்க் சைட்' ஆல்பத்துக்கு அது இல்லாமல் முடியாது. ஆல்பம் முடிந்ததும் செயலி தானாக வேறு ஏதாவது பாட்டைத் தொடர்ந்து போடும். அதைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். என் கேசட் கடை அண்ணாச்சி இப்போது செயலிக்குள் குடியிருக்கிறார்.

இடமும் ஒலியும்

விலை கூடிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால் இரண்டு ஸ்பீக்கர் வேண்டும். ஒரே டப்பாவாக இருக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரில் 'டார்க் சைட்' கேட்டால், இடமிருந்து வலம் ஓடுகிற சத்தங்கள் எல்லாம் நடுவில் குவிந்து செத்துப்போகும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனையில் இருக்கிற மாதிரி உட்காருங்கள். தனியாகக் கேட்பவருக்கு நல்ல இயர்போனே போதும்.

மொட்டை மாடி அழகுதான், ஆனால் ஆனி, ஆடியில் காற்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விடும். கோவில் கொடை சமயமும் வேண்டாம். குழாய் ஒலிபெருக்கியோடு எந்த ஆல்பமும் போட்டி போட முடியாது. பாட்டுகளை முன்கூட்டியே தரவிறக்கி வையுங்கள்.

தின்பதற்குக் காராச்சேவு வைக்காதீர்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. 'டார்க் சைட்' இதயத் துடிப்பில் தொடங்கும், முதலில் காதுக்கே எட்டாது. எட்டுப் பேர் சேவு கடிக்கிற சத்தத்தில் எங்கள் முதல் கூட்டத்தில் முதல் ஒரு நிமிடம் யாருக்குமே கேட்கவில்லை. கருப்பட்டிக் காபி நல்லது. சத்தம் இல்லாதது.

கேட்கிறபோது

இரண்டு தடவை கேட்க வேண்டும். முதல் தடவை கூட்டத்துக்கு வருவதற்கு முன், வீட்டில், தனியாக, பாட்டு வரிகளைப் பார்க்காமல். இரண்டாம் தடவை எல்லோரோடும், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. நம் ஊரில் சினிமாக் கொட்டகை வாசலில் பாட்டுப் புஸ்தகம் விற்றார்கள். 1967-இல் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தின் பின்னட்டையிலேயே எல்லாப் பாட்டின் வரிகளையும் அச்சடித்துத் தந்தார்கள், அப்போது அது புதுமை. இன்றைக்குச் செயலியிலேயே வருகிறது. ஆனால் முதல் தடவையே வரிகளைப் பார்த்தால் கண் படிக்கும், காது சும்மா இருக்கும்.

பக்கம் முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். நான் புதியவர்களிடம் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான். 'ரூமர்ஸ்' ஆல்பத்தில் 6-ஆவது பாட்டோடு முதல் பக்கம் முடிகிறது. 'ஆபி ரோடு' ஆல்பத்திலும் 6-ஆவது. 'டார்க் சைட்' ஆல்பத்தில் 5-ஆவது. அங்கே நிறுத்தி, எழுந்து, ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள். 'ஆபி ரோடு' ஆல்பத்தின் 6-ஆவது பாட்டு ஏழரை நிமிடத்துக்குமேல் ஓடும், கடைசி மூன்று நிமிடம் ஒரே கிட்டார் சுற்றைத் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டே, இரைச்சல் ஏறிக்கொண்டே போய், கத்தரியால் வெட்டின மாதிரி சட்டென்று நின்றுவிடும். நாடாவை அந்த இடத்தில் வெட்டச் சொன்னது பீட்டில்ஸின் ஜான் லெனன். தட்டில் கேட்டவர்களுக்கு அதன் பிறகு அமைதி, எழுந்து போய்த் திருப்பும் நேரம், அப்புறம் அதே குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய அந்த வெயில் பாட்டு. செயலியில் நிறுத்தாமல் கேட்டால் இரைச்சல் நின்ற மறு நொடியே வெயில் அடித்துவிடும். எங்கள் எஞ்சினியரிங் தம்பிக்கு அப்படி அடிப்பதுதான் பிடித்திருக்கிறது. சரி, அதுவும் ஒரு கட்சி. ஆனால் இரண்டு விதமும் கேட்டுவிட்டுத்தான் அவன் அப்படிச் சொல்கிறான்.

ஒரு 40 பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம், மதிப்பெண் எதுவும் போட வேண்டாம். மனசு எங்கே அலைந்தது, எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், என்ன கேள்வி வந்தது என்பதை மட்டும், நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். "3-ஆவது பாட்டு, ஒன்றரை நிமிடம், கரண்ட் பில் ஞாபகம் வந்தது" என்று எழுதினாலும் அது உபயோகமான குறிப்புதான். பாட்டு உங்களை அந்த இடத்தில் விட்டுவிட்டது என்று அர்த்தம்.

வாய் திறக்கும்போது

எங்கள் கூட்டத்தில் வயதில் சின்னவர் முதலில் பேச வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்ப் பழக்கத்தில் அண்ணாச்சி ஒருவர் முதலில் "இது நல்லா இல்லப்பா" என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் மற்றவர்கள் வில்லுப்பாட்டில் ஆமா போடுகிற ஆட்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். முதல் மூன்று கூட்டம் அப்படித்தான் போனது. நாலாவது கூட்டத்தில் அண்ணாச்சியே "நான் கடைசியில பேசுதேன், நீங்க முதல்ல அடிச்சுக்கிடுங்க" என்றார். அன்றைக்குத்தான் சண்டை சண்டையாக நடந்தது.

நல்லா இருக்கு, நல்லா இல்லை என்பது பேச்சில்லை. இடத்தைக் காட்டுங்கள். இந்தப் பாட்டில், இந்த நிமிடத்தில், இந்தக் கருவி உள்ளே வந்ததும் என்ன ஆனது என்று சொன்னால் மற்றவர்கள் அதை மறுபடி போட்டுப் பார்த்து ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம்.

பட்டியலை ஆதாரமாகக் காட்ட அனுமதி இல்லை. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 500 சிறந்த ஆல்பங்கள் என்று 2003-இல் போட்ட பட்டியலில் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' முதலாவது. 2020-இல் அவர்களே போட்ட புதுப் பட்டியலில் அது 24-ஆவது. முதலிடத்தில் மார்வின் கே என்ற பாடகரின் ஆல்பம். 'ரூமர்ஸ்' 7-ஆம் இடத்துக்கு ஏறியிருந்தது. அந்த 17 வருஷத்தில் பழைய தட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. ஓட்டுப் போட்ட ஆட்கள் மாறினார்கள். ஆகவே அந்த எண்களை வைத்து யாரையும் அடிக்க வேண்டாம்.

ராஜாவா ரஹ்மானா என்ற வழக்குக்கும் தடை. ஆரம்பித்தால் அன்றைய ஆல்பம் அம்போ. மீறுகிறவர் அடுத்த மாதக் காபிச் செலவை ஏற்க வேண்டும். ஒருவர் மூன்று மாதம் தொடர்ந்து ஏற்றார்.

அவரவர் கையில் உள்ள காதைக் கொண்டு வாருங்கள். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, உதாரணம் சொல்கிறேன். 'டார்க் சைட்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் காசு சத்தத்தோடு தொடங்குகிற 'மணி' பாட்டு. எங்களில் பல பேருக்கு அது ஏதோ நொண்டுகிற மாதிரி இருந்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. மிருதங்கத் தம்பி தொடையில் தட்டிக்கொண்டே இருந்தவன், "ஏழு அண்ணே, ஏழு எண்ணிக்கை" என்றான். "நம்ம மிஸ்ர சாபுவும் ஏழுதான், தகிட தகதிமி. ஆனா அழுத்தம் விழுற இடம் வேற." எல்லோரும் ஏழு எண்ணிக்கொண்டு மறுபடி கேட்டோம். சாக்ஸஃபோன் வரைக்கும் ஏழு நிற்கிறது. கிட்டார் தனியாக எடுக்கிற இடத்தில் எல்லார் கணக்கும் தப்பிப்போனது. அங்கே அவர்கள் நாலுக்கு மாறி, கிட்டாரை ஓடவிட்டு, பிறகு ஏழுக்குத் திரும்புகிறார்கள். ராக் இசையைப் பற்றி ஒரு புத்தகம்கூடப் படிக்காத பையன்தான் அன்றைக்கு எங்களுக்கு அதைத் திறந்து காட்டினான்.

ஆல்ட்டோ அக்கா 'ஆபி ரோடு' நாளில் அப்படிச் செய்தார். இரண்டாம் பக்கத்து இரண்டாவது பாட்டு 'பிகாஸ்'. லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூன்று பேரும் சேர்ந்து பாடி, அதன்மேலேயே இன்னும் இரண்டு தடவை பாடிச் சேர்த்தார்கள். ஆக ஒன்பது குரல். நாங்கள் மேல் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். அக்கா நடுக்குரலைத் தனியாகப் பாடிக் காட்டினார், பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் கீதத்துக்கு ஒத்திகை பார்க்கிற மாதிரியே. அதற்கப்புறம் எனக்கு அந்தப் பாட்டில் நடுக்குரல் மட்டும்தான் கேட்கிறது. இது வரமா சாபமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பாடியவர்களின் சொந்த வாழ்க்கைக் கதையைப் பேசலாமா? பேசலாம், ஆனால் இரண்டு தடவை கேட்ட பிறகு. 'ரூமர்ஸ்' ஆல்பத்துக்கு அந்தக் கதை ஒட்டிக்கொண்டே வரும். குழுவில் கணவன் மனைவியான ஜான் மெக்வீயும் கிறிஸ்டின் மெக்வீயும் பிரிந்துகொண்டிருந்தார்கள். லிண்ட்ஸி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் பிரிந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரைப் பற்றி எழுதிய பாட்டுக்கு அந்த மற்றவரே வாசிக்க வேண்டும், பின்குரல் பாட வேண்டும். பேச்சுவார்த்தை அறுந்த வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்த மாதிரி. கதை ருசியானதுதான். ஆனால் முதலிலேயே அதைச் சொல்லிவிட்டால் புதியவர்கள் பாட்டைக் கேட்பதில்லை, யார் யாரைச் சொல்கிறார்கள் என்று துப்பறிகிறார்கள்.

எங்களிடம் முடியாமல் கிடக்கும் வழக்கு

புதியவர்கள் எந்தச் சண்டையில் சேரலாம் என்று கேட்டால், நான் இதைக் கை காட்டுவேன்.

'ரூமர்ஸ்' முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'சாங்பேர்ட்'. கிறிஸ்டின் மெக்வீ பியானோவோடு பாடுவது. ஸ்டூடியோவில் இல்லாமல், பெர்க்லியில் ஆளில்லாத பெரிய அரங்கம் ஒன்றில் பதிந்தார்கள், அந்த வெற்றிடம் பாட்டில் கேட்கும். தட்டைத் திருப்பினால் 'த செய்ன்'. ஐந்து பேர் பெயரும் எழுதியவர்கள் என்று போட்ட ஒரே பாட்டு. மென்மையாக ஒருத்தி மட்டும் நின்ற இடத்தில், திருப்பிப் போட்டதும் ஐந்து பேர் வந்து நிற்கிறார்கள்.

ஸ்டீவி நிக்ஸ் எழுதிய 'சில்வர் ஸ்ப்ரிங்ஸ்' என்ற பாட்டும் இந்த ஆல்பத்துக்காகப் பதிந்ததுதான். தட்டில் இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தம். இதே ஆல்பத்தின் 'கோ யுவர் ஓன் வே' பாட்டைத் தனியாக விட்ட சின்னத் தட்டின் மறுபக்கத்தில் அது வந்தது. 2004-இல் ஆல்பத்தை மறுபடி வெளியிட்டபோது சேர்த்தார்கள். எங்கே? 'சாங்பேர்ட்' பாட்டுக்கும் 'த செய்ன்' பாட்டுக்கும் நடுவே. பக்கம் திருப்புகிற அந்த இடைவெளியில்.

நியாயமா இது? அக்கா சொல்கிறார், அந்தப் பெண்ணுக்கு 27 வருஷம் கழித்தாவது இடம் கிடைத்ததே, அதைவிட என்ன வேண்டும் என்று. எஞ்சினியரிங் தம்பிகளில் ஒருத்தன், பாட்டு நல்ல பாட்டு, கடைசியில் வைத்திருக்கலாம் என்கிறான். வங்கி அண்ணாச்சி, "இடம் இல்லைன்னு சொன்னது தட்டு. சிடி-யில இடம் இருக்கு. இடம் இருந்தா நிரப்பணுமாவே?" என்று கேட்டார். எனக்கு என் கேசட் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் செய்ய வேண்டியது: 11 பாட்டுப் பதிப்பை, 6-ஆவதில் நிறுத்திக் கேளுங்கள். இன்னொரு நாள், அந்தப் பாட்டை நடுவில் வைத்து நிறுத்தாமல் கேளுங்கள். அப்புறம் வந்து உங்கள் கட்சியைச் சொல்லுங்கள்.

இதே ஜாதி வழக்கு பீட்டில்ஸிலும் உண்டு. கடைசி ஆல்பம் எது? 1970-இல் வெளியான 'லெட் இட் பி' என்பார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி 1969 ஜனவரியில் பதிந்தது. 'ஆபி ரோடு' பதிந்து முடித்தது அதே வருஷம் ஆகஸ்டில். சேர்ந்து உட்கார்ந்து முடித்த கடைசி வேலை எது, கடைக்கு வந்த கடைசிச் சரக்கு எது என்பது கேள்வி. போதாக்குறைக்கு, தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் பின்னால் சேர்த்த ஆர்கெஸ்ட்ராவை எல்லாம் கழற்றிவிட்டு 2003-இல் 'லெட் இட் பி... நேக்கட்' என்று ஒன்று விட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்து கேட்டால் ஒரு மாதம் ஓடும்.

திரும்பக் கேட்பது

ஆறு மாதம் கழித்து அதே ஆல்பத்துக்குத் திரும்புங்கள். பழைய நோட்டைப் பார்க்காமல் கேட்டு, புதிதாக எழுதி, அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கரண்ட் பில் ஞாபகம் வந்த இடத்தில் இப்போது கண் கலங்கியிருந்தால், என்ன நடந்தது என்று யோசிக்க உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது. மாற்றிக் கேட்பதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: பதிப்பையோ, ஸ்பீக்கரையோ, நேரத்தையோ. எல்லாவற்றையும் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

என் நோட்டில் 'டார்க் சைட்' முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு நேரே "பெண் கத்துகிறாள், நீளம்" என்று மட்டும் இருக்கிறது. கிளேர் டோரி என்ற பாடகி அதில் வார்த்தையே இல்லாமல் பாடுகிறார். ஒரு நாள் பதிவுக்கு 30 பவுண்டு கொடுத்து அழைத்த பாடகி அவர். 2005-இல் வழக்கு சமரசமான பிறகுதான் அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவர் என்று அவர் பெயரும் சேர்ந்தது. இதெல்லாம் தெரிந்த பிறகும் எனக்கு அது கத்தல்தான். இரண்டாம் சுற்றில் அதே ஆல்பத்தை வைத்தோம். அந்தப் பாட்டு ஓடும்போது கீழ் வீட்டில் இருந்து ஆச்சி பதறிப்போய்ப் படியேறி வந்து, கதவைத் தள்ளிக்கொண்டு, "ஏலே, யாருல செத்தது?" என்று கேட்டார்.

அந்தப் பாட்டு சாவைப் பற்றியது. தொடக்கத்திலேயே ஒரு ஆண் குரல் சாவுக்குப் பயமில்லை என்று பேசும். ஆச்சிக்கு அந்த இங்கிலீஷும் தெரியாது, பிங்க் ஃப்ளாய்டும் தெரியாது. ஒப்பாரி தெரியும். யாரும் ஒன்றும் பேசவில்லை. ஆச்சிக்கு ஒரு நாற்காலி போட்டோம். பாட்டு முடிகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு, "நல்லாத்தான் அழுதிருக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நோட்டில் அந்தப் பழைய வரியை நான் அடிக்கவில்லை, பக்கத்தில் தேதி போட்டு ஆச்சி சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் பழையதை அடிக்காதீர்கள்.

'ரூமர்ஸ்' மட்டும் எனக்கு இன்னும் சரியாகவில்லை. எத்தனை தடவை கேட்டாயிற்று, 11-ஆவது பாட்டு தேய்ந்து அடங்குகிறபோது, அடுத்து அந்த டிஸ்கோ வரப்போகிறது என்று கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போகிறது.